கோட்டை வகை

எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி யார் எது கேட்டாலும் வீட்டுக்குப் பெரியவர்தான் பதில் சொல்வார். இது நான் கொண்டுவந்த வழக்கம் இல்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். தெரியும் என்று சொன்னவர் என் அப்பா. அதுவரை அக்கா பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா சொல்லிவிட்டார் என்பதற்காகக் கல்யாணத்துக்குள் இரண்டு பாட்டு கற்றுக்கொண்டாள். இன்றும் அந்த இரண்டையும் நன்றாகவே பாடுவாள்.

ஆகவே, விழிதியூர் சம்பந்தம் பேச்சில் இருந்தபோது மாப்பிள்ளை வீட்டிலிருந்து என் கைபேசிக்கு ஒரு கேள்வித்தாள் வந்ததும், நானே உட்கார்ந்து பதில் எழுதி அனுப்பினேன். எனக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை.

நாங்கள் காரைக்கால் வட்டாரத்தில் குரும்பகரத்துக் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தாத்தா காலத்து நிலப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. அதைப் படிக்க வீட்டில் யாராலும் முடியாது. ஆனால் அதில் இருப்பது யாருடைய பெயர் என்று ஊருக்கே தெரியும். நான் மின்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, தருமபுரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தேன். எனக்கும் என் மனைவி அல்லிக்கும், இனி இல்லை என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டிய பிறகு பிறந்த ஒரே பெண் வெண்மதி. டவுனில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. வீட்டுச் சாவியை எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று தெரியும். ஸ்கூட்டரில் வரும்போது வயலில் கொக்குக் கூட்டம் இறங்கினால் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். கேட்டால், கொக்கு நின்றதால் நின்றேன் என்பாள். இந்தப் பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற நினைப்பே எனக்குக் கொஞ்ச நாளாகச் சாப்பாட்டில் ருசி தெரியாமல் செய்துகொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை பெயர் எழிலன். காரைக்காலிலேயே ஒரு வங்கியில் வேலை. அப்பா இல்லை. அம்மா விசாலாட்சி விழிதியூரில் அறுவடை மிஷின்களை வாடகைக்கு விடும் தொழிலைத் தனி ஆளாக நடத்துகிறார். சம்பா அறுவடை வந்துவிட்டால் அந்தச் சுற்று வட்டாரமே அவர் வாசலில் நிற்கும். எழிலனின் அக்கா விஷ்ணுப்ரியா சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள்.

கார்த்திகையில் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜாதகம் அதற்கு முன்பே பொருந்தியிருந்தது. பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று நானே சொன்னேன். காலத்துக்கு ஏற்றபடி ஒன்றிரண்டு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அதன் பிறகு வெண்மதி குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். பையனைப் பிடித்திருக்கிறது என்று என்னிடம் சொல்லவில்லை. அல்லியிடம் சொன்னாள். அல்லி என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் செய்தி அப்படித்தான் வரும்.

கேள்வித்தாளை அனுப்பியது விஷ்ணுப்ரியா. ஜாதகம் பெரியவர்கள் திருப்திக்கு, இது என் திருப்திக்கு என்று குரலில் பேசி அனுப்பியிருந்தாள். மனிதர்களில் பன்னிரண்டு வகை உண்டாம். அறுபது கேள்விகளுக்கு உள்ளது உள்ளபடி பதில் சொன்னால் யார் எந்த வகை என்று அது சொல்லிவிடுமாம். தம்பி எழுதிவிட்டான், அவன் ‘நிழல்மரம்’ வகை என்றும் சொல்லியிருந்தாள். சம்பந்தம் பேசும் காலத்தில் எல்லாம் பெண்ணின் அப்பா நம்பருக்குத்தான் வரும். அவளும் அந்த மரியாதை தெரிந்துதான் எனக்கு அனுப்பியிருந்தாள். பெண்ணே எழுத வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது சென்னைக்குப் போனதும் அவளுக்கு மறந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வேலை குறித்த நேரத்தில் முடியாவிட்டால் உங்களுக்கு எரிச்சல் வருமா? நிச்சயமாக வரும் என்று தொட்டேன். ஒருவர் சொல்வது தவறு என்று தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்வீர்களா? எங்கள் வீட்டில் வேறு எப்படிச் சொல்வார்கள்? புதியவர்கள் கூடிய இடத்தில் நீங்களே முன்வந்து பேசுவீர்களா? இதில்தான் சற்று நேரம் நின்றேன். வாய்த்துடுக்கான பெண் என்று நினைத்துவிடக் கூடாது, பயந்த பெண் என்றும் நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் ஆம் என்பதைத் தொட்டேன். எளிதில் கண் கலங்குவீர்களா? இல்லை. தனியாக இருக்கும் நேரம் உங்களுக்குத் தேவையா? நாலு பேர் வந்து போகும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு எதற்குத் தனிமை? இல்லை என்றேன். உங்கள் மேசை எப்போதும் ஒழுங்காக இருக்குமா? வெண்மதியின் மேசையில் காய்ந்த இலைகளும் பிள்ளைகள் கிறுக்கிய யானைப் படங்களும் உடைந்த சுண்ணக்கட்டிகளும் கிடக்கும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்து, ஆம் என்று தொட்டேன்.

அல்லி எட்டிப் பார்த்து என்ன செய்கிறேன் என்று கேட்டாள். சம்பந்தி வீட்டுக் கேள்வி என்றேன். அவளைக் கேட்டுவிட்டு எழுதலாமே என்றாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றேன். அல்லி உள்ளே போய்விட்டாள்.

அறுபதாவது கேள்வி முடிந்ததும் பதில் வந்தது. அதுவும் நான் தொட்ட பதில்களும் விஷ்ணுப்ரியாவுக்கும் தானாகப் போய்விடும் என்று கீழே போட்டிருந்தது. “உங்கள் வகை: கோட்டை. நீங்கள் ஒழுங்கின் காவலர். சொன்ன சொல் மாறமாட்டீர்கள். முறை தவறுவதை உங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உங்களைச் சுற்றி இருப்பவர்கள் உங்கள் நிழலில் பாதுகாப்பாக இருப்பார்கள்; சில நேரம் அவர்களுக்குக் காற்று போதாமல் இருக்கும். நீங்கள் எளிதில் மன்னிப்புக் கேட்பதில்லை.”

காற்று போதாது என்று எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி, நல்ல குடும்பத்துப் பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அல்லியைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னாள்.

“ஏங்க, இதுல நம்ம பொண்ணு எங்க இருக்கா? பூராவும் நீங்கதான் உக்காந்திருக்கீங்க.”

என் பெண்தானே, என் ரத்தந்தானே என்றேன்.

மறுநாள் காலையிலேயே விசாலாட்சி போன் செய்தார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தபோது வெண்மதி ரொம்பச் சாதுவாகத் தெரிந்ததாகவும், தன் மகனும் சாது என்பதால் உள்ளூர ஒரு யோசனை இருந்ததாகவும், இப்போது மனசு குளிர்ந்துவிட்டதாகவும் சொன்னார். தனக்கு முழங்கால் போய்விட்டது, இன்னும் எத்தனை நாள் டிரைவர்களோடும் தரகர்களோடும் மல்லுக்கட்ட முடியும், கோட்டை மாதிரி ஒரு மருமகள் வந்தால் அவள் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றார். மார்கழி போகட்டும், தை பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று முடித்தார்.

நான் போனை வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் வெண்மதி ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மிஷின் டிரைவர்களை அதட்டி வேலை வாங்குவதை நினைத்துப் பார்க்க முயன்றேன். அது மட்டும் மனசில் வரவேயில்லை.

மார்கழி நடுவில் ஒரு நாள் விசாலாட்சி வெண்மதிக்கே போன் செய்துவிட்டார். ஒரே தேதிக்கு இரண்டு பேருக்கு மிஷின் தருவதாகத் தரகர் வாக்குக் கொடுத்துவிட்டார், நீயாக இருந்தால் என்னம்மா செய்வாய் என்று கேட்டாராம். இரண்டு பேரிடமும் பேசிப் பார்க்கலாம் அத்தை, யாருக்காவது அவசரம் இல்லாமல் இருக்கும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு அடக்கம் பார், கோட்டை என்று வந்தும் காட்டிக்கொள்ளமாட்டேன் என்கிறாயே என்று அவர் சிரித்தாராம். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எழிலனைக் கேட்டிருக்கிறாள். அவன் அந்த அறிக்கையை அப்படியே அனுப்பிவிட்டான்.

அன்று பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. கோபப்பட்டாலும் குரல் உயராது, மூக்கு நுனிதான் சிவக்கும்.

“இத எழுதினது நீங்களாப்பா?”

“எனக்குத்தான் வந்துச்சு. எழுதினேன்.”

“என்னைப் பத்தித்தானே கேட்டிருக்காங்க. நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்.”

உன்னைப் பற்றி நல்லபடியாகத்தானே எழுதினேன் என்றேன்.

“நல்லபடியா இருக்குப்பா. ஆனா அது நான் இல்ல. நான் யாருன்னு என்னைக் கேக்காமலே எழுதி, அவங்களும் நம்பி, இப்ப நான் அங்க போய் அந்தப் பொண்ணா நடிக்கணுமா?”

நான் அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அப்படி ஒன்று எனக்கு வந்தது அன்றுதான். அல்லி காப்பியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

வெண்மதி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதே கேள்விகளுக்குத் தானே பதில் போடத் தொடங்கினாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். நேரம் தவறினால் எரிச்சல் வருமா என்பதற்கு இல்லை. தவறை முகத்துக்கு நேரே சொல்வதற்கு, பெரும்பாலும் இல்லை. அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கண் கலங்குவதற்கு நிச்சயமாக ஆம் என்று போட்டபோது எப்போது என்று கேட்டேன். போன வருஷம் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வேறு ஊருக்குப் போனபோது ஒரு வாரம் என்றாள். எனக்கு அது தெரியாது. தனியாக இருக்கும் நேரம் தேவையா என்பதற்கும் நிச்சயமாக ஆம் என்று போட்டாள். ஏனம்மா என்றேன். பள்ளி விட்டதும் அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் தினமும் வீட்டுக்கு வருகிறேன் என்றாள். அவள் தாமதமாக வருவதற்குக் கொக்கும் சாலைப் போக்குவரத்தும்தான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி என்ன யோசிப்பாய் என்று கேட்டேன். ஒன்றுமே யோசிக்கமாட்டேன், அதற்குத்தான் போகிறேன் என்றாள்.

அவளுக்கு வந்த வகை ‘ஓடை’. போகிற இடமெல்லாம் பச்சை பிடிக்க வைப்பவர், யாரையும் தள்ளிவிட்டு ஓடத் தெரியாதவர் என்று இருந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்று நான் ஒப்புக்கொண்டேன்.

“அத்தைகிட்ட சொல்லிடுங்கப்பா. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்.”

“சொன்னா வேணான்னுட்டா?”

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். வேண்டாம் என்றால் என்னைத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், இப்போது அவர்கள் வேண்டும் என்பது என்னை இல்லையே என்றாள். பிறகு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பையன் மேல் எவ்வளவு ஆசை என்று கதவு சாத்திய விதத்தில் தெரிந்தது.

அல்லிக்கு நான் போவதில் சம்மதம் இல்லை. கல்யாணம் ஆகட்டும், பெண் அங்கே போனால் அவள் குணத்துக்கே எல்லோரும் வசப்பட்டுவிடுவார்கள், இப்போது போய்ச் சொன்னால் அறுவடை நேரத்தில் அந்த அம்மாளுக்கு என்ன தோன்றுமோ என்றாள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுத்தார்கள் என்று குரும்பகரத்துக் குடும்பத்தைப் பற்றி ஒருவர் சொல்லக் கூடாது. அதுவும் விசாலாட்சி தன் முழங்காலையும் தொழிலையும் சேர்த்து அந்த அறிக்கையின் மேல் வைத்துவிட்டார். மார்கழியில் நல்ல காரியம் பேசப் போகக் கூடாதுதான். உண்மை சொல்லப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை அல்லியையும் அழைத்துக்கொண்டு விழிதியூர் போனேன்.

வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே பெரிய கொட்டகை. உள்ளே அறுவடை மிஷின்கள் நின்றன. ஒன்றன் அடியில் ஆள் படுத்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தான். விசாலாட்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து போனில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வைத்துவிட்டு எழ முயன்றார். எழ வேண்டாம் என்று அல்லி கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. கேள்விக்குப் பதில் எழுதியது வெண்மதி இல்லை, நான் என்றேன். கோட்டை வகை நான்தான் என்றேன். வெண்மதி எழுதி வந்த பதில் ஓடை என்று சொல்லி, அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த தாளை அவர் கையில் கொடுத்தேன். என் பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, விஷயம் தெரிந்ததும் சொல்லச் சொன்னதே அவள்தான் என்றும் சொன்னேன்.

அவர் தாளைப் படித்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார். முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் திட்டு வாங்குவதை விடக் கஷ்டமாக இருந்தது.

“அண்ணே, மறைக்காம சொல்றேன். பொண்ணு தங்கமான பொண்ணு, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எம் பையன் இருக்கானே, யாராவது வந்து வாசல்ல நின்னு மூக்கைச் சிந்தினா மிஷினை அனுப்பிடுவான். டீசல் காசு கூடக் கேக்கமாட்டான். இப்ப அவனை மாதிரியே இன்னொண்ணு வந்தா, ரெண்டு பேருமாச் சேந்து ஒரு போகத்துலயே மிஷினை ஊருக்குத் தானம் பண்ணிடுவாங்க.”

அவள் பள்ளியில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறாள் என்று அல்லி சொல்லிப் பார்த்தாள். டிரைவர்கள் பிள்ளைகள் இல்லையே அண்ணி என்றார் விசாலாட்சி. விஷ்ணுப்ரியாவிடமும் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தார். அந்த இழுவைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் பலரை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

அப்போதுதான் தரகர் நாகராஜ் வந்தார். பின்னாலேயே இரண்டு விவசாயிகள். ஒரே தேதிக்கு இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்தான். ஒருவர் கட்சியில் இருப்பவர், வேட்டியில் கரை பெரிதாக இருந்தது. இன்னொருவர் வயதானவர், பேசாமல் நின்றார். கட்சிக்காரருக்கு முதலில் அனுப்பிவிடலாம், பின்னால் நமக்கு உபயோகப்படுவார் என்று நாகராஜ் விசாலாட்சியின் காதோரம் குனிந்து சொன்னார். காதோரம் என்றாலும் எல்லோருக்கும் கேட்டது. விசாலாட்சி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

“முதல்ல வந்து சொன்னது யாரு?” என்று கேட்டேன்.

நாகராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்து, நீங்க யாரு என்றார். நான் யார் என்பது பிறகு, முதலில் சொன்னது யார் என்றேன். பெரியவர் கையைத் தூக்கினார். அப்படியானால் அந்தத் தேதி அவருக்கு, அடுத்த நாள் இவருக்கு, இதில் பேச என்ன இருக்கிறது என்றேன். கட்சிக்காரர் தான் யார் தெரியுமா என்று ஆரம்பித்தார். மின்கம்பி அறுந்த ஊர்களில் யார் வீட்டுக்கு முதலில் கரண்ட் கொடுப்பது என்ற தகராறில் முப்பது வருஷம் இதே கேள்வியை என் காதால் கேட்டவன் நான். தெரியும், அடுத்த நாள் காலையில் மிஷின் உங்கள் வயலில் நிற்கும், ஒரு மணி நேரம் தவறினாலும் என்னைக் கேளுங்கள் என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்து, சரி, காலையில வந்துடணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாகராஜும் பின்னாலேயே போனார். மிஷினுக்கு அடியில் படுத்திருந்தவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டான்.

விசாலாட்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிக்க வேண்டும், உங்கள் வீட்டு விஷயத்தில் தலையிட்டுவிட்டேன் என்றேன் நான். அல்லி சட்டென்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் எழிலன் வங்கியிலிருந்து வந்தான். எங்களைப் பார்த்து வணங்கிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். விசாலாட்சி அந்தத் தாளை நீட்டி நடந்ததைச் சொன்னார். அவன் ஆச்சரியப்படவில்லை.

“அந்த முதல் அறிக்கைல இருந்தது அவங்க இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா.”

“எப்படிடா தெரியும்?”

“மேசை ஒழுங்கா இருக்கும், தனியா இருக்கவே புடிக்காதுன்னு பதில் போட்டிருந்துச்சு. அவங்க என்கிட்ட பேசும்போதே பாதி நேரம் சாவியத் தேடிக்கிட்டுத்தான் பேசுவாங்க. சாயங்காலம் ஆத்து முகத்துல உக்காந்திருக்கப்ப நான் கூப்பிட்டா, வீட்டுக்குப் போயிப் பேசறேன், இது என் நேரம்னுடுவாங்க.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“நீ ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேம்மா,” என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, “தப்புதான் மாமா. சொன்னா அம்மா வேணான்னுடுவாங்களோன்னு இருந்துச்சு,” என்றான்.

இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்த நான் அந்த வாரம்தான் தெரிந்துகொண்டதை, இவன் ஒரு மாதப் போன் பேச்சில் தெரிந்துவைத்திருந்தான். அதுவும் அவள் ‘இது என் நேரம்’ என்று சொன்னால் போனை வைத்துவிடுகிறான். பெண்ணை அனுப்பும் நினைப்பில் இத்தனை நாள் உறுத்தியது, போகிற இடத்தில் அவளைத் தெரிந்தவர் இருப்பார்களா என்பதுதான் போலும். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போகக் கூடாது என்று நான் உறுதியாக நினைத்தது அந்த இடத்தில்தான்.

விசாலாட்சி மகனைத் திட்டவில்லை. கைபேசியில் இருந்த முதல் அறிக்கையையும் மகன் கையில் இருந்த தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு இந்தப் பொண்ணும் வேணும், அந்தக் கோட்டையும் வேணும். பொண்ணை இவன் பாத்துக்கட்டும். அறுவடை முடியற வரைக்கும் நீங்க வந்து இந்த நாற்காலில உக்காருங்கண்ணே.”

அல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் கொடுத்தவன் சம்பந்தி வீட்டுக்கு அழைத்தால் மட்டும் போவான், பழம் வாங்கிக்கொண்டு போவான், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்துவிடுவான். எங்களில் அதுதான் முறை. சம்பந்தி வீட்டுக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிரைவர்களுக்கு டீசல் அளந்து கொடுத்தவன் எங்கள் வம்சத்தில் யாரும் இல்லை. என் அப்பா இருந்திருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டதுமே எழுந்து வெளியே போயிருப்பார். நானும் எழுந்தேன். எழிலன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஓடை என்று போட்டிருந்த இடத்தையே பார்த்தபடி நின்றிருந்தான்.

நான் மறுபடி உட்கார்ந்தேன். சம்பளம் என்று ஒரு காசு வாங்கமாட்டேன் என்றேன். பேரனோ பேத்தியோ பிறக்கும் வரை இந்த வீட்டில் சாப்பிடமாட்டேன், என் சாப்பாட்டை நானே கொண்டுவருவேன் என்றேன். யாருக்காகவும் முறையை மாற்றச் சொல்லக் கூடாது, நீங்களே சொன்னாலும் மாற்றமாட்டேன் என்றேன். எல்லாவற்றுக்கும் விசாலாட்சி தலையை ஆட்டினார்.

“டீயாவது குடிப்பீங்களாண்ணே?”

டீ குடிப்பேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வெண்மதி வாசலுக்கே வந்துவிட்டாள். அல்லி எல்லாவற்றையும் சொன்னாள், நாகராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்ததை நடித்துக்கூடக் காட்டினாள். வெண்மதி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அறுபது கேள்வியில் அவள் போட்ட பதில் எவ்வளவு சரி என்று எனக்கு விளங்கியது.

“உங்களுக்குச் சங்கடமா இல்லையாப்பா?” என்று கேட்டாள்.

சங்கடந்தான் என்றேன். அவள் வந்து என் பக்கத்தில், கை என் கையில் படும்படி உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் ஆற்று முகத்தில் உட்கார்ந்திருப்பதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்தேன்.

தை பிறந்ததும் தட்டு மாற்றிக்கொண்டோம். மறுநாளிலிருந்து நான் விழிதியூர் கொட்டகையில் உட்கார்ந்தேன். பனி ஈரம் காய்ந்த பிறகுதான் மிஷின் வயலில் இறங்க வேண்டும், சேற்று வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்பதையெல்லாம் டிரைவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு நாள் அவர்கள் என்னைக் கண்டு முறைத்தார்கள். பிறகு எந்த வயலுக்கு எப்போது என்பது முந்தின நாளே தெரிந்துவிடுவது அவர்களுக்கும் பிடித்துவிட்டது.

ஒரு நாள் குரும்பகரத்திலிருந்து பங்காளி சுப்பையன் மிஷின் கேட்டு வந்தான். ஒரு விஷயம் அவன் காதில் விழுந்தால் ஊர் முழுக்கத் தெரிய அரை நாள் போதும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“என்னண்ணே, சம்பந்தி வீட்டுல வேலைக்குச் சேந்துட்டீங்களாமே. ஊர்ல பேசிக்கிறாங்க, நான் நம்பல.”

“நம்பு. எம் பொண்ணு வாழப்போற வீடு. ஆள் வேணும்னாங்க, வந்தேன். உனக்கு எத்தனை மா நிலம் அறுக்கணும்?”

“பன்னண்டு மா. நமக்குள்ளதானே, நாளைக்கே ஒரு வண்டிய அனுப்பிவிடுங்களேன்.”

“வியாழக்கிழமை.”

அவன் மேலும் கொஞ்சம் நின்று பார்த்தான். பங்காளி முறையைச் சொன்னான், மழை வரும் என்றான், நான் சின்ன வயதில் அவன் வீட்டில் சாப்பிட்டதைச் சொன்னான். வியாழக்கிழமை என்றேன். கடைசியில் சரியென்று ஒப்புக்கொண்டு, கல்யாணம் என்றைக்கு என்று கேட்டான்.

வைகாசியில் இரண்டு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். எந்த நாள் என்பதை வெண்மதியைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.